உச்சவரம்பும் கடைசி இடமும்: கபடி, ஹாக்கி ஏலங்களில் அரியலூர், பெரம்பலூர் ஆட்டக்காரரின் நிலை

கேள்வி

2024 அக்டோபரில் புதுதில்லியில் ஹாக்கி இந்தியா லீகின் ஏலம் மூன்று நாள் நடந்தது. ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். அந்தத் தொகைக்குள் 24 பேரை எடுத்தாக வேண்டும். அரியலூரில் பிறந்து, கோவில்பட்டியில் பயிற்சி பெற்று, 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்த கார்த்தி செல்வம், இந்த முறையின் வழியாகத்தான் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் ஆடினார். சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரிலும், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் சூழ்ந்த அரியலூரிலும் விளையாட்டை நம்பி வாழ நினைக்கும் ஓர் இளைஞருக்கு, ஏல அரங்கில் எழுதப்படும் இத்தகைய விதிகள் அரசாணைக்குச் சமமான விளைவை உண்டாக்குகின்றன. எத்தனை இடம், என்ன அடிப்படை விலை, யாரைத் தக்கவைக்கலாம், யாரை விடுவிக்கலாம் என்பவையே அவருக்கு வேலை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்கின்றன.

அணிகளின் ஊதிய வரம்பைப் பற்றி நம்மிடையே நிலவும் புரிதல் எளிமையானது. பணக்கார உரிமையாளர் நட்சத்திரங்களை எல்லாம் வாரிக்கொண்டு போகாமல் வரம்பு தடுக்கிறது, அதனால் எல்லா அணிகளும் சமபலம் பெறுகின்றன, ஆட்டம் சுவையாகிறது. இந்தப் புரிதலில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். வரம்பு அணிகளுக்கு இடையிலான சமத்துவத்தை ஓரளவு பேசுகிறது. ஓர் அணிக்குள்ளே முதல் ஆட்டக்காரருக்கும் கடைசி ஆட்டக்காரருக்கும் இடையிலான பங்கீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. மொத்தத் தொகைக்கு உச்சம் வைத்துவிட்டு, அணியில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதை நெகிழ்வாக விட்டால், உச்சத்தின் சுமை முழுவதும் கடைசி இடங்களின் மேல்தான் இறங்கும். சிறு மாவட்டங்களிலிருந்து வருவோர் நுழையும் வாசலும் அந்தக் கடைசி இடங்கள்தான்.

வரம்பு பிறந்த இடம்

ஊதிய வரம்பை இறுக்கமான வடிவில் உலகுக்குக் காட்டியது அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல். 1994இல் அங்கே அது நடைமுறைக்கு வந்தபோது ஓர் அணிக்கான வரம்பு 3.46 கோடி டாலர். 2025இல் அது 27.92 கோடி டாலர். அணியில் 53 பேர். இந்த எண்களின் பிரம்மாண்டத்தைவிட அவை எப்படி எட்டப்படுகின்றன என்பதே நமக்கு முக்கியம். அங்கே வரம்பு, தொடரின் மொத்த வருவாயில் ஆட்டக்காரருக்குச் சேர வேண்டிய பங்கிலிருந்து கணக்கிடப்படுகிறது. 2020இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அந்தப் பங்கு ஏறக்குறைய 48 விழுக்காடு. ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் உரிமையாளர்கள், மறுபக்கம் ஆட்டக்காரர் சங்கம். வரம்புக்கு மேலே போகக் கூடாது என்ற விதியோடு, வரம்பில் சுமார் பத்தில் ஒன்பது பங்கைக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் அணியும் செலவழித்தே தீர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தே இருக்கிறது. முதல் ஆண்டு ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்ச ஊதியமாக 2025இல் 8,40,000 டாலர் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஓர் ஆட்டக்காரரை ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே விடுவித்தால், அவருக்கு முன்கூட்டிக் கொடுத்த தொகையின் மீதி அணியின் வரம்புக் கணக்கில் தொடர்ந்து ஏறும். அவசரத்தில் எடுத்த முடிவுக்கு அணி பின்னால் வரும் ஆண்டுகளிலும் விலை கொடுக்கிறது.

ஆக, மூல வடிவில் வரம்பு என்பது நான்கு கால்களில் நின்ற ஏற்பாடு: வருவாயில் பங்கு, சங்கத்தோடு பேரம், செலவுக்குக் கீழ்வரம்பு, தனிநபருக்குக் கீழ்வரம்பு. இந்திய ஏலத் தொடர்கள் உச்சத்தை எடுத்துக்கொண்டன. மற்றவற்றில் தனிநபர் கீழ்வரம்பு மட்டும் அடிப்படை விலை என்ற உருவில் வந்து சேர்ந்தது. புரோ கபடி லீகிலோ ஹாக்கி லீகிலோ வரம்புத் தொகை, ஆட்டக்காரர் சங்கத்தோடு மேசையில் அமர்ந்து பேசி எட்டிய தொகை அல்ல. தொடரை நடத்துவோர் அறிவிக்கிறார்கள், அணிகள் ஏற்கின்றன, ஆட்டக்காரர் தன் பெயர் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்கிறார். கால்பந்தில் 2006இலேயே இந்திய ஆட்டக்காரர் சங்கம் உருவாகியிருந்தும், இந்தியன் சூப்பர் லீகில் பல பருவங்கள் நிலைத்திருந்த 16.5 கோடி ரூபாய் வரம்பு கூட்டுப் பேரத்தின் விளைவாக வந்ததில்லை.

கபடி ஏலத்தின் கணக்கு

புரோ கபடி 2014இல் தொடங்கியபோது அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா பைரேட்ஸ் அவருக்குக் கொடுத்தது 12.80 லட்சம். 2018இல் ஒரே ஏலத்தில் ஆறு பேர் கோடியைத் தொட்டார்கள். 2022இல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்கே 2.605 கோடி கொடுத்தது. பத்தாண்டுக்குள் உச்ச விலை இருபது மடங்காகியது என்று பெருமைப்படுவோர், அந்த உச்சம் எந்தப் பையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

2022இல் ஓர் அணியின் வரம்பு 4.4 கோடி. அதில் 2.26 கோடி என்பது பாதிக்கும் சற்று மேல், 51 விழுக்காடு. அணியில் குறைந்தது 18 பேர் இருக்க வேண்டும் என்று கொண்டால், மீதி 2.14 கோடியில் 17 பேரைப் பார்க்க வேண்டும், சராசரி 12.6 லட்சம். அடுத்த பருவத்தில் வரம்பு 5 கோடியாக உயர்ந்தது. டைட்டன்ஸின் 2.605 கோடி அதில் 52 விழுக்காடு. மீதி 17 பேருக்குச் சராசரி 14.1 லட்சம். வரம்பு 60 லட்சம் உயர்ந்தபோது அதில் பாதிக்கும் மேல், 34.5 லட்சம், ஒரே ஆட்டக்காரரின் விலையேற்றத்தில் கரைந்தது. உயர்ந்த வரம்பின் பலன் கீழ் இடங்களுக்குத் தானாக ஒழுகி வரும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

அடிப்படை விலை இருக்கிறதே என்று கேட்கலாம். அண்மைப் பருவங்களில் ஆட்டக்காரரை நான்கு பிரிவாகப் பிரித்து 30, 20, 13, 9 லட்சம் என்று அடிப்படை விலை வைத்திருக்கிறார்கள். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 5 கோடி வரம்பை 18 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 27.8 லட்சம், கடைசிப் பிரிவின் 9 லட்சம் இந்தச் சராசரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. என்.எஃப்.எல். குறைந்தபட்ச ஊதியம் அந்நாட்டு அணியின் சராசரியில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அணிக்குள் இருக்கும் கடைசி ஆட்டக்காரருக்கு நியாயம் செய்வதில் நம் கபடி, பணம் கொழிக்கும் அமெரிக்கத் தொடரைவிட முன்னே நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். செந்துறைப் பக்கமோ குன்னம் பக்கமோ உள்ள ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு ஒரு பருவத்துக்கு 9 லட்சம் என்பது நிலத்தின் மேல் இருக்கும் கடனைத் தீர்க்கும் தொகை.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. அணியில் குறைந்தது 18 பேர், அதிகம் போனால் 25 பேர் என்பது விதி. இரண்டுக்கும் இடையே ஏழு இடங்கள். 12 அணிகளுக்கு 84 இடங்கள். ஏழு பேரைக் கடைசிப் பிரிவின் அடிப்படை விலையில் எடுத்தால் 63 லட்சம் ஆகும். ஒரு நட்சத்திர ரைடருக்காக இரண்டு அணிகள் மாறி மாறிக் கை தூக்கும்போது, ஒன்றே முக்கால் கோடியிலிருந்து இரண்டரைக் கோடிக்கு விலை ஏறும் அந்தச் சில நிமிடங்களில் கரைவது இந்த ஏழு இடங்களின் பணம்தான். உச்சம் நிலையானது, அடிப்படை விலையும் நிலையானது, இடங்களின் எண்ணிக்கை மட்டுமே நெகிழக்கூடியது என்றால், நெருக்கடி வரும்போது எது நெகிழும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அடிப்படை விலை விற்பனையானவரைக் காக்கிறது. பெயர் வாசிக்கப்பட்டும் யாரும் கை தூக்காதவருக்கு அது எதுவும் செய்வதில்லை. விலைக்குக் கீழ்வரம்பு வைப்பவர்கள் எண்ணிக்கைக்கும் உயர்ந்த கீழ்வரம்பு வைத்தால் மட்டுமே முதலாவது முழுப் பயன் தரும்.

நட்சத்திரங்களுக்கும் இந்த முறை நிலைத்த பாதுகாப்பைத் தரவில்லை. 2021இல் 1.65 கோடிக்குப் போன பர்தீப் நர்வால், புரோ கபடி வரலாற்றில் 1,801 ரைடு புள்ளிகள் எடுத்தவர். 2024இல் அவர் விலை 70 லட்சம். 2025 ஏலத்தில் அவரை எவரும் எடுக்கவில்லை, அவர் ஓய்வை அறிவித்தார். அதே ஏலத்தில் பவன் செராவத் 59.50 லட்சத்துக்குத் தலைவாஸுக்குத் திரும்பினார். உடல் தேய்ந்த ஆட்டக்காரரின் விலை குறைவது இயல்புதான். நீண்ட ஒப்பந்தமும் விடுவிப்புக்கான இழப்பீடும் உள்ள ஏற்பாட்டில் அந்தச் சரிவு படிப்படியாக இறங்கும்; ஏலத்தை மட்டுமே நம்பும் ஏற்பாட்டில் அது ஓர் அறையில் ஒரே மாலையில் நிகழ்ந்துவிடுகிறது.

தலைவாஸ் தரும் சான்று

வரம்பு சமபலத்தைத் தருகிறது என்ற கருத்தைச் சோதிக்கத் தமிழ் தலைவாஸைவிடப் பொருத்தமான அணி இல்லை. 2017இல் தொடரில் நுழைந்த இந்த அணிக்கும் மற்ற அணிகளுக்கும் ஒரே வரம்பு. ஆனாலும் முதல் இரண்டு பருவங்களில் தன் பிரிவில் கடைசி இடம். 2019இல் மொத்தப் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். அந்த 2019 அணி பெயர் பெற்றவர்களுக்குப் பஞ்சமான அணி அல்ல. அஜய் தாக்கூர், 94 லட்சத்துக்கு வாங்கிய ராகுல் சௌத்ரி, மஞ்ஜீத் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் என்று அனுபவம் மிக்கவர்கள் வரிசையாக இருந்தார்கள். பெயர் பெற்றவர்களுக்கு வரம்பைச் செலவழித்து, மாற்று ஆட்டக்காரர் வரிசையை மெலிய விட்ட அணி, நீண்ட பருவத்தில் தளர்ந்தது.

2022இல் இதற்கு நேர்மாறானது நடந்தது. 2.26 கோடி பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம்பட்டு வெளியேறினார். வரம்பில் பாதி களத்துக்கு வெளியே அமர்ந்துவிட்டது. பருவத்தின் இடையில் பயிற்சியாளர் பொறுப்புக்கு ஆஷன் குமார் வந்தார். புதுமுகமாக வந்த நரேந்தர் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். சாகர், சாஹில், ஹிமான்ஷு போன்ற இளம் தடுப்பாட்டக்காரர்கள் தூணாக நின்றார்கள். அணி தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தானிடம் இரண்டு புள்ளிகளில் தோற்றது. செலவழித்த பணத்தில் பாதி பயன்படாத பருவம்தான் அணியின் சிறந்த பருவம் என்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். ஒரு பருவத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் அன்று அவர்களை வென்ற புனேரியும் அதே வழியில் வந்த அணி. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்றோரை இளம் வயதிலேயே சேர்த்துத் தக்கவைத்து, பிறகு 2.35 கோடிக்கு ஈரானின் முகமது ரெசா ஷாத்லூயியைச் சேர்த்து, அடுத்த பருவத்தில் கோப்பையை வென்றது. அடித்தளம் முதலில், நட்சத்திரம் பிறகு என்ற வரிசை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

இந்த இரு அணிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கையில், அணிகளின் ஏற்றத்தாழ்வை விளக்குவது வரம்பைவிட, யாரைத் தக்கவைப்பது, யாரைப் புதிய இளம் ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்வது என்ற முடிவுகள்தான் என்று கொள்ளத் தோன்றுகிறது. ஏலத்துக்கு வெளியே இளம் ஆட்டக்காரரை நேரடியாகச் சேர்க்க விதிகள் இடம் தருகின்றன. கிராமத்துப் பொங்கல் ஆட்டங்களிலும் மாவட்டச் சாம்பியன் போட்டிகளிலும் கண் வைத்திருக்கும் அணிக்கு இது குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. தலைவாஸ் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியபோதும் அதன் முதன்மை இளைஞர்கள் பெரும்பாலும் அரியானாவிலிருந்தே வந்தார்கள். தமிழ்நாட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னாவின் தலைவராகக் கோப்பையை ஏந்தினார். தூத்துக்குடி மாவட்டத்தின் மாசானமுத்துவைத் தலைவாஸே ஏலத்தில் எடுத்தது. அரியானாவில் ஓர் அணியின் ஆள் தேடுபவர் பார்க்க வேண்டிய பயிற்சிக் கூடங்கள் நெருங்கி இருக்கின்றன, அவற்றிலிருந்து ராணுவம், ரயில்வே, காவல்துறை அணிகளுக்குப் பழகிய பாதை இருக்கிறது. கொள்ளிடக் கரையிலிருந்து வேப்பந்தட்டை வரை சிதறிக் கிடக்கும் ஊர்க் குழுக்களுக்கு அப்படியொரு தொடர்ச்சி அமையவில்லை. வரம்பு எவ்வளவு என்ற விவாதம் இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை.

ஹாக்கி: இருபத்துநான்கு இடங்கள்

ஹாக்கி லீகின் விதிகள் கபடியின் குறையை ஒரு பக்கம் சரிசெய்து, மறுபக்கம் வேறொரு குறையை வைத்திருக்கின்றன. ஒவ்வோர் ஆடவர் அணியிலும் 24 பேர் என்று எண்ணிக்கை கட்டப்பட்டது. அதில் குறைந்தது 16 பேர் இந்தியர், அவர்களில் நான்கு பேர் கட்டாயம் ஜூனியர்கள், எட்டுப் பேர் வெளிநாட்டவர். எட்டு அணிகளுக்குக் கணக்கிட்டால் இந்தியருக்கு 128 இடம், அதில் ஜூனியருக்கு 32 இடம். இவை எந்த நட்சத்திரத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் கரையாத இடங்கள்.

விளைவு விலையில் தெரிந்தது. அந்த ஏலத்தின் உச்ச விலை ஹர்மன்பிரீத் சிங்குக்கு சூர்மா அணி கொடுத்த 78 லட்சம், வரம்பில் 19.5 விழுக்காடு. தமிழ்நாடு டிராகன்ஸ் தன் இரண்டு பெரிய விலைகளை நெதர்லாந்தின் ஜிப் யான்சனுக்கும் (54 லட்சம்) அமித் ரோகிதாஸுக்கும் (48 லட்சம்) கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே 1.02 கோடிதான், மீதி 22 பேருக்கு 2.98 கோடி, சராசரி 13.5 லட்சம். கபடியில் ஒருவர் பாதியை எடுத்துக்கொண்டார்; ஹாக்கியில் இருவர் சேர்ந்து கால் பங்கைத் தொட்டார்கள். இதற்கு ஆட்டத்தின் இயல்பும் ஒரு காரணம். கபடியில் ஏழு பேர் களத்தில் நிற்க, ஒரு தலைமை ரைடர் அணியின் புள்ளிகளில் பெரும்பங்கைத் தனியாகக் கொண்டுவர முடியும். ஹாக்கியில் பதினொருவர், மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறையும் இறக்கலாம் என்பதால், முன்கள வீரர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து மூச்சு வாங்கி மீண்டும் இறங்குகிறார்கள். பெனால்டி கார்னர் அடிப்பவருக்கும் கோல் காப்பாளருக்கும் தனி மதிப்பு உண்டு. மற்றபடி 24 பேரின் வலிமையே அணியின் வலிமை. ஆனால் எண்ணிக்கை விதி இல்லாமல் இருந்திருந்தால் இந்த இயல்பு மட்டும் பங்கீட்டைச் சமமாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மறுபக்கம், ஹாக்கியின் கடைசி அடிப்படை விலை 2 லட்சம். 24 பேருக்குச் சராசரி 16.7 லட்சம் என்ற அளவோடு வைத்துப் பார்த்தால் எட்டில் ஒரு பங்கு. இடம் உறுதி, விலை மெலிது. கபடியில் விலை உறுதி, இடம் மெலிது. இரண்டு தொடர்களின் நல்ல பாதிகளை இணைப்பதற்கு எந்தப் பொருளாதார விதியும் தடையாக இல்லை. 24 பேருக்கும் குறைந்தது 5 லட்சம் என்று வைத்தால்கூட ஓர் அணிக்குக் கட்டாயச் செலவு 1.2 கோடி, 4 கோடி வரம்பில் 2.8 கோடி போட்டிக்கு மீதி இருக்கும். பெண்கள் அணிகளின் வரம்பு 2 கோடிதான் என்பதால் அங்கே இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகும். அதற்கு விடை பெண்களின் வரம்பை உயர்த்துவது. கீழ்வரம்பைக் கைவிடுவதில் நியாயம் இல்லை.

அணித் தேர்வின் பயனையும் பார்க்க வேண்டும். டிராகன்ஸ் முதல் பருவத்திலேயே அரையிறுதிக்கு வந்து, பின்னர் கோப்பையை வென்ற பெங்கால் டைகர்ஸிடம் ஷூட் அவுட்டில்தான் தோற்றது. பெருவிலைக்கு வாங்கிய ஒருவரை மட்டும் நம்பாத அணி பின்தங்கவில்லை. வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது: ஆடவர் ஆட்டங்கள் 2024 டிசம்பர் 28 முதல் 2025 பிப்ரவரி 1 வரை ஒடிசாவின் ரூர்கேலாவை மையமாகக் கொண்டு நடந்தன. தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய அணியை, கார்த்தியின் ஊர்க்காரர்கள் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது நிதி சார்ந்தது. வரம்பை நெகிழ்த்தினாலோ கீழ்வரம்புகளைக் கூட்டினாலோ உரிமையாளர் சுமை தாங்காமல் விலகுவார். தொடரே நின்றால் கடைசி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் 2 லட்சமும் போய்விடும். இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. ஹாக்கி லீக் 2013இல் தொடங்கி 2017 பருவத்தோடு நின்றது. ஏழாண்டுகள் அது இல்லை; பதினெட்டு வயதில் அதை எதிர்பார்த்திருந்தவர் இருபத்தைந்தைத் தொட்டுவிட்டார். கால்பந்திலும் 2025இல் கூட்டமைப்புக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் பருவம் தள்ளிப்போக, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. உட்படச் சில அணிகள் தம் செயல்பாட்டை நிறுத்திவைத்தன. ஆனால் இந்த நிகழ்வுகளைக் கூர்ந்து பார்த்தால் அவை மறுப்புக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. நின்றுபோன ஹாக்கி லீகில் 6,50,000 டாலர் வரம்பு இருந்தது. கால்பந்திலும் வரம்பு இருந்தது. ஊதியத்துக்கு உச்சம் வைத்திருந்த தொடர்களே முடங்கின. முடக்கியது ஒளிபரப்பு வருவாயின் உறுதியின்மையும் நிர்வாக ஒப்பந்தச் சிக்கலும். உச்சவரம்பு அவசியமான தற்காப்பு என்று ஏற்கிறேன். அது போதுமான தற்காப்பு என்று ஏற்க முடியவில்லை. ஆடவர் தொடர்களுக்கு மேலே முன்மொழிந்த கீழ்வரம்புகள் மொத்தச் செலவின் உச்சத்தை ஒரு ரூபாயும் கூட்டுவதில்லை, வரம்புக்குள் பங்கீட்டை மாற்றுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, வெற்றியாளர் பட்டியலை எடுத்துக் காட்டும். புரோ கபடியின் 12 பருவங்களில் எட்டு வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றிருக்கின்றன. வரம்பு இல்லாமல் இது நடக்குமா? நடந்திருக்காது என்றே நானும் எண்ணுகிறேன். அதே பருவங்களில் பாட்னா தொடர்ந்து மூன்று முறை வென்றதும், தமிழ்நாட்டு அணி தொடர்ந்து மூன்று பருவம் கடைசியில் நின்றதும் இருக்கின்றன. கோப்பை கைமாறுவது உரிமையாளர்களுக்கு இடையிலான நியாயத்தை நிறுவுகிறது. கட்டுரையின் கேள்வி, ஒப்பந்தம் கிடைக்காமல் பேருந்தேறி ஊர் திரும்புபவரைப் பற்றியது. அவருக்கு எந்த அணி வென்றது என்பதால் எதுவும் மாறுவதில்லை.

மூன்றாவது மறுப்பைச் சில பயிற்சியாளர்களே சொல்வார்கள்: திறமை இருந்தால் எந்த மூலையிலிருந்தும் மேலே வரலாம், கார்த்தியே சான்று. அவருடைய பாதை இதற்கு எதிரானதைக் காட்டுகிறது. அவர் மேலே வர, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியும் கோவில்பட்டியின் செயற்கைப் புல்தளமும் தேவைப்பட்டன. மாநிலத்தின் பொதுப்பணம் ஒரு சிறுவனின் உணவுக்கும் காலணிக்கும் மட்டைக்கும் பல ஆண்டுகள் செலவானது. ஏல அரங்கில் அவர் பெயர் வாசிக்கப்படும் நேரத்தில் அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் இல்லை.

வளர்த்தவர் பங்கு

உலகக் கால்பந்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு விலைக்கு மாறும்போது, அந்த விலையில் 5 விழுக்காடு, அவரைப் பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றுவித்த சங்கங்களுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. நம் நாட்டுக் கிரிக்கெட்டிலும் ஐ.பி.எல்லுக்கு ஆட்டக்காரரை விடும் வெளிநாட்டு வாரியத்துக்கு அவர் ஊதியத்தை ஒட்டி ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு. வளர்த்தவருக்குப் பங்கு என்ற எண்ணம் இந்திய விளையாட்டு நிர்வாகத்துக்கு அந்நியமானதல்ல. உள்நாட்டு மாவட்டங்களை நோக்கி அது திரும்பவில்லை.

தொகை எவ்வளவு வரும்? ஹாக்கியில் ஆடவர் அணிகளின் வரம்பு முழுவதும் செலவாகிறது என்று கொண்டால் 32 கோடி. அதில் 5 விழுக்காடு 1.6 கோடி. கபடியில் 60 கோடிக்கு 3 கோடி. ஏலத் தொடர்களின் விளம்பர வருவாயோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமை அல்ல. ஒரு மாவட்டச் சங்கத்துக்கு இதில் சில லட்சம் வந்தால்கூட, கபடிக்கு மேட் விரிக்கவும், கோல் காப்பாளருக்கு முழுக் கவசம் வாங்கவும், பெண்கள் அணியை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்லவும் போதும். மண் தரையில் பழகிய ஆட்டக்காரர் மேட்டில் கால் பதிக்கும் விதமே வேறு. ரைடர் திரும்பும் வேகமும் தடுப்பவர் கணுக்காலைப் பிடிக்கும் கோணமும் மாறிவிடும். தேர்வு முகாமில் முதல் நாளே மேட்டைத் தொடும் இளைஞர், திறமைக் குறைவால் அன்றி, பழக்கக் குறைவால் கழிக்கப்படுகிறார். வேகமும் பிடியும் எண்ணால் அளக்கப்படும் ஏல யுகத்தில் இந்தச் சிறு முதலீட்டின் மதிப்பு அதிகம்.

நடைமுறைத் தடையும் சொல்லப்பட வேண்டும். பங்கு யாருக்குப் போவது என்று தீர்மானிக்க, ஓர் ஆட்டக்காரர் எந்த வயதில் எங்கே பயின்றார் என்ற பதிவு வேண்டும். ஊர்க் குழுக்கள் பல பதிவு பெறாதவை. பொங்கலுக்கு ஓர் ஊருக்கும் கோடை விடுமுறையில் இன்னோர் ஊருக்கும் ஆடுவது கபடியில் சாதாரணம். இந்தியக் கபடிக் கூட்டமைப்பு 2018இலேயே தில்லி உயர் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. அத்தகைய வரலாற்றுக்குப் பின் தேசிய அளவில் ஒரு பதிவேடு உடனே உருவாகும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரம்பலூரே 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் உருவாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. இந்த மாற்றங்களுக்கு இடையே வளர்ந்த ஒருவரை எந்த மாவட்டச் சங்கம் உரிமை கொண்டாடுவது என்பதே வழக்காகக்கூடும். ஆகவே தொடக்கத்தில் எல்லாரையும் உள்ளடக்க முயல்வதைவிட, சான்று கையில் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே சரி. அரசு விளையாட்டு விடுதிகளில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது: பிறந்த தேதி, சேர்ந்த நாள், பள்ளி, விட்டுச் சென்ற நாள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. மாநில அரசின் அரங்கத்தை ஓர் அணி வாடகைக்குக் கேட்கும்போது, அந்தப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஏலத்தொகையில் 5 விழுக்காட்டை அவரது மாவட்ட விடுதிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க ஆணையத்துக்கு எவர் அனுமதியும் தேவையில்லை.